கடைசிப் பத்தியில் விலை

செம்பனை ஆலை வாசலில்
லோரி ஏறி நிற்கும் தராசு என் பொறுப்பு.
குலை எத்தனை டன், காய் எத்தனை, அழுகல் எத்தனை.
சீட்டைக் கிழித்து நீட்டினால் அடுத்த லோரி.
பதினேழு வருடம்.

பழைய ஆபிசை இடித்த வாரம்
கரையான் அரித்த பேரேடுகளைக் கொளுத்தச் சொன்னார் என்சிக் ஹல்மி.
நான்கை மட்டும் தீயிலிருந்து இழுத்தேன்.
காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.
கணக்கு எழுதுகிறவளுக்குக் கணக்கு எரிவது பொறுக்கவில்லை.

கிராணி சாக்கோவின் கையெழுத்து
சர்க்கரையைக் கண்டுபிடித்த எறும்பு வரிசை.
தேதி. பேர். பால் ராத்தல். கூலி.
கடைசிப் பத்தியில் சிவப்பு மையில்
லண்டன் விலை.

முப்பத்திரண்டில் அந்தச் சிவப்பு இலக்கம்
தரையோடு தரையாகக் கிடக்கிறது.
ஓரத்தில் பென்சிலால்: ‘நாற்பது பேர், கப்பலுக்கு.’
வேண்டாதவர்களை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிய செலவு
தனி வரி.

பிறகு, வெட்டாதே என்று உத்தரவு.
மரத்தில் பால் இருந்தது
லயத்தில் பசி இருந்தது
இரண்டும் சந்தித்துவிடாதபடி
எங்கோ ஒரு மேசையைச் சுற்றி
நாலைந்து கொடிகள் உட்கார்ந்து பேசின.
விலை எழுந்து உட்கார்ந்தது.

அந்த மேசையில் நாற்காலி கிடைக்காத கொடி ஒன்று
வடக்கே சீனத்தை ஏற்கனவே கடித்துக்கொண்டிருந்தது.
அதற்கும் டயர் வேண்டும், ஈயம் வேண்டும், எண்ணெய் வேண்டும்.
எண்ணெய் தரமாட்டோம் என்று
தன் பசிக்கு நாலு தேசம் வைத்திருந்தவர்கள் சொன்னார்கள்.
வாங்க முடியாததை
எடுக்க வந்தது அது
சைக்கிளில்.
நியாயம் எவன் பக்கம் என்று கேட்காதீர்கள்.
சரக்கு எங்கள் பக்கம் இருந்தது.

நாற்பத்திரண்டிலிருந்து
விலைப் பத்தி வெறுமை.
பேர்கள் மட்டும்:
பெருமாயி மகன் சன்னாசி, சயாம்.
தங்கையா, சயாம்.
சடையன், சயாம்.
சடையன் தம்பி, பேர் தெரியாது, சயாம்.
திரும்பி வந்தவனுக்கு எதிரே ஒரு புள்ளி வைத்திருக்கிறார் சாக்கோ.
புள்ளிகளை எண்ணினேன்.
ஒரு கை விரல்களே மிச்சம்.

ஐம்பதில்
கொரியா கிழக்கா மேற்கா என்று
இந்த டவுனில் எவருக்கும் தெரிந்திருக்காது.
ஆனாலும் சிவப்பு மை பொங்கிக்
கட்டம் தாண்டி வழிகிறது.
அந்த மாதம் லயத்தில் ஏழு கல்யாணத்துக்கு முன்பணம்.
தவுக்கே லியோங் கடையில் வாங்கியவை என்று
பன்னிரண்டு பேர் கூலியில் பிடித்தம்:
சைக்கிள், சைக்கிள், சைக்கிள்.

நான்கு பேரேட்டையும் புரட்டிவிட்டேன்.
‘போர்’ என்ற சொல்
ஓரிடத்திலும் இல்லை.

என் காலத்துக்கு வருகிறேன்.
கருங்கடல் கரையில் பீரங்கி வெடித்த மாதம்
சூரியகாந்தி எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்திலேயே முடங்க
வாட்சாப்பில் எங்கள் எண்ணெய் விலை வந்தது:
டன் ஆறாயிரம் வெள்ளி. இரண்டு நாள் கழித்து ஏழு.
மேனேஜர் தெ தாரிக் வாங்கிக் கொடுத்தார், எல்லோருக்கும்.
லோரி வரிசை முனீஸ்வரன் கோயில் வரை நின்றது.
ஆள் பற்றாமல் ரஃபிக்குல் ஞாயிற்றுக்கிழமையும் குலை வெட்டினான்.
உரம் விலையும் அதே போரில்தான் ஏறியது,
அதை மட்டும் யாரும் தெ தாரிக்கோடு சொல்லவில்லை.

போனஸ் வந்தது.
இரண்டு கதவு ஐஸ்பெட்டி வாங்கினேன், சாம்பல் நிறம்.
அன்று ராத்திரிச் செய்தியில்
ஓர் அடுக்குமாடி பாதியாகப் பிளந்து நிற்க
நாலாவது மாடியில் சுவர் இல்லாத குசினி.
அதில் ஓர் ஐஸ்பெட்டி,
கதவு திறந்தபடி.
உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான்
டீவிக்குக் கிட்டே போனேன்.
அதற்குள் விளையாட்டுச் செய்தி.

சாக்கோவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் நிறுவைச் சீட்டிலும் அந்தச் சொல்லுக்குக் கட்டம் கிடையாது.

பேரேடுகளை வைக்க வேறு இடம் இல்லை,
ஐஸ்பெட்டியின் தலையில்தான் இருக்கின்றன.
மோட்டர் ஓடத் தொடங்கும்போதெல்லாம்
லேசாக அதிர்கின்றன.