எலுமிச்சைக் கணக்கு

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில்
சுங்கக் கட்டடத்தின் முதுகில் மூன்றாவது கதவு.
கப்பலுக்குச் சரக்குத் தரும் கடை.
தமிழில் கூட்டி, பிரெஞ்சில் எழுதி,
கிரியோலில் ஏசுவார் முதலாளி வீரபத்திரன்.
கணக்கு நான். சௌந்தரி.
'ஏய் கணக்கு' என்றாலே திரும்பிப் பழகிவிட்டது.

சிவப்பு அட்டைப் பேரேடு ருஷ்யர்களுக்கு:
முட்டைக்கோஸ், பூண்டு, உருளைக்கிழங்கு,
என்ன கிடைத்தாலும் சரி என்ற மாதிரி ஒரு கையெழுத்து.
மீன்பிடிக் கப்பல்தானாம்.
மீன் பேசுவதைக் கேட்கவா இத்தனை ஆன்டெனா
என்பான் படகுக்காரன் செல்வென்.
என்றபடியே அவர்கள் மூட்டைக்கு முதுகைக் கொடுப்பான்.

நீல அட்டை அமெரிக்கர்களுக்கு:
ஐஸ், ஆரஞ்சு, மறுபடி ஐஸ்.
ஒருவர் நங்கூரம் இறக்கினால்
மற்றவர் தந்த காலண்டரைக் கழற்றி ஒளிப்பதும் என் வேலை.
ஆணிக்குக் கீழே வெளுத்துக் கிடந்த சதுரம் மட்டும்
யாருக்கும் கொடி பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்து ரொட்டிக்கு மாவு வந்த சாக்கில்
இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம்.
அம்மா அதைக் கிழித்துத் தம்பிக்குக் கால்சட்டை தைத்தாள்.
அவன் ஓடும்போதெல்லாம்
நட்பு பின்பக்கம் குலுங்கியது.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால்
ருஷ்யக் கப்பல் ஆறு, ஒரே காலையில்.
எலுமிச்சை மட்டும் நானூறு கிலோ.
மத்தியச் சந்தை மத்தியானத்துக்குள் துடைத்தாயிற்று.
நூற்றெட்டுப் பழம் உடம்பில் தொங்க
நேர்ந்துகொண்டிருந்த முருவென்
முப்பத்தேழோடு நடந்தான்.
மிச்ச ஊக்குகள்
சும்மா குத்திக்கொண்டு வந்தன.
மாஸ்கோ கேட்டால் முருகன் பொறுக்கத்தான் வேணும்,
என்றார் வீரபத்திரன், நோட்டு எண்ணிக்கொண்டே.
கோயில் வாசலில் ஒரு மாலுமி படம் பிடித்தான்.
வெயிலில் அவன் மூக்கு உரிந்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் இன்னொரு கப்பல்.
ஆர்டர் இல்லை. எந்தப் பேரேட்டையும் நான் திறக்கவில்லை.
வடக்கே, பல நாள் கடல் தாண்டி,
தேங்காய் உரித்துப் பிழைத்த தீவுக்காரர்கள்.
அங்கே ஓடுபாதை போடுகிறார்களாம் அமெரிக்கர்கள்,
ருஷ்யர்கள் வருவார்கள் என்று.
ருஷ்யர்கள் வருகிறார்களாம்,
ஓடுபாதை போடுகிறார்கள் என்று.
நடுவில் இவர்கள்,
இறங்கமாட்டோம் என்று மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்,
மெத்தை, பானை, ஒரு தையல் மெஷினின் பாதி.

தண்ணீர் பில்லோடு என்னைக் கொண்டுபோனான் செல்வென்.
கப்பல் கேப்டன் இல்லை, தூங்குகிறார் என்றார்கள்.
ஒகுஸ்தின் என்றொருத்தி, என் வயசுதான் இருக்கும்,
மடியில் ஒரு கயிறு, நுனியில் வளையமாய் முடிச்சு.
நாய் எங்கே என்று நான் கேட்டிருக்கக் கூடாது.
கொப்பரை உலர்த்தும் கொட்டிலில் எல்லாவற்றையும் அடைத்தார்கள், என்றாள்.
புகை, என்றாள்.
அப்புறம், அதே குரலில்:
எலுமிச்சை இருக்கிறதா, பிள்ளை வாந்தி நிற்கவில்லை.

அன்று சாயங்காலம்
நீலக் கணக்குக்குக் கட்டி வைத்த கோணியின் வாயை அவிழ்த்தேன்.
கை நடுங்கவில்லை. தையல் ஊசிதான்
திரும்பக் கோக்கும்போது இரண்டு தடவை குத்தியது.
செல்வென் படகைத் தட்டாமல் தள்ளினான்.

காலையில் தராசு காட்டிக்கொடுத்தது.
எங்கே போச்சு மூன்று கிலோ, என்றார் முதலாளி.
வெயில் ஐயா, வற்றிவிட்டது.
என்னையே பார்த்தார்.
தொண்டையில் ஏசல் ஒன்று ஏறி வந்தது, தெரிந்தது.
பிறகு குனிந்து
மைக்குப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

சேதம், என்று எழுதினேன். மூன்று கிலோ.
அமெரிக்கச் சமையல்காரன் சூயிங்கம் மென்றபடி
படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.