எட்டு 'பி'யின் பொய்கள்

"உறுதியாக 'வேண்டாம்' எனச் சொல்லப் பழக்குக"
என்றது சுற்றறிக்கை.
காலைப் பிரார்த்தனையில் கைநீட்டி
உறுதிமொழி எடுத்தாயிற்று.
அறுநூறு தொண்டை, ஒரே குரல்.
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்ற
கூட்ஸ் வண்டிக்குக்கூடக் கேட்டிருக்கும்.

நாலாவது பீரியட், நாடகம்.
விற்கிறவனாக யார்?
தில்லிபாபு எழுந்தான்.
காலரைப் பின்னுக்குத் தள்ளி
பக்கத்துப் பையன் தோளில் கைபோட்டுக்
குரலைத் தாழ்த்தினான்:
"இன்னா மச்சி, மூஞ்சி வாடிக்கீது?
காசெல்லாம் வோணாம்.
நம்ம புள்ள நீ.
ஒரே ஒரு தபா."
வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.
பிறகுதான் உறைத்தது,
அந்தக் குரல் அவனுடையதல்ல.
யாரோ அவன் தோளில் கைபோட்டுப்
பேசிப் பேசி
உள்ளே விட்டுப்போனது.

"சரி, இப்ப நீ வாங்கறவன். வேண்டாம்னு சொல்லு."
நின்றான்.
மின்விசிறி மட்டும் டக்டக்கென்று.
"அண்ணன்கிட்ட எப்டி மிஸ் சொல்றது?"

எந்த அண்ணன் என்று அங்கே கேட்கவில்லை.
மாலை தனியாகக் கேட்டபோது
குனிந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டே இருந்தான்,
போட்டிருந்த வாரை.

ஆனால் அதற்கு முன்
கடைசி பெஞ்சிலிருந்து மெஹருன்னிசா:
"வோணாம்னு ஏன் மிஸ் சொல்லணும்?
பொய் சொல்லிட்டு ஓடியாந்துட்டா?"

என் பாடத்திட்டத்தில் பொய் கிடையாது.
நோட்டு தொலைந்ததென்று புளுகிய மூவரை
முந்தாநாள்தான் வெளியே நிறுத்தியிருந்தேன்.
சாக்பீஸை அவளிடம் நீட்டினேன்.

தங்கச்சிய டியூஷன்லேர்ந்து கூட்டியாரணும்.
கேட் போடறதுக்குள்ள அந்தாண்ட போவணும்.
எனக்கு மாத்திரையே ஒத்துக்காது, ஆஸ்பத்திரி சீட்டு கீது.
தண்ணி லாரி வந்துடுச்சு, கொடம் வெக்கணும்.
எங்கப்பா பின்னாலயே வர்றாரு.
கடைசியாக எழுதியது ஜெரால்டு.
அவன் அப்பா இறந்து இரண்டு வருடம்.
யாரும் திருத்தவில்லை.

மணியடித்தும் அழிக்க மனம் வரவில்லை.
அடுத்து வந்த கணக்கு வாத்தியார்
நின்று முழுக்கப் படித்தாராம்.
கீழ்மூலையில் கொஞ்சம் மட்டும் துடைத்து
அன்றைய பின்னங்களை அங்கேயே நெருக்கிப் போட்டாராம்.

இருபது நாள் கழித்து
கேட் மூடியிருந்தது.
டேங்கர் வேகன்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன.
என் கைப்பையை ஒட்டி வந்து நின்றான் தில்லிபாபு.
என்னைப் பார்க்காமல்
வேகன்களைப் பார்த்துச் சொன்னான்:
"மிஸ், நேத்து சாயங்காலம்
தண்ணி லாரி வந்துச்சு."

அவன் தெருவுக்கு லாரி
செவ்வாய், வெள்ளி காலையில்தான்.
என் தாமதப் பதிவேட்டுக்குத் தெரியும்.
நேற்று புதன்.

"கொடம் ரொம்புச்சா?" என்றேன்.

"ரொம்புச்சு மிஸ்."