சேதாரம்

எங்கள் பட்டறையில்
கை கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்ற மாட்டோம்.
தொட்டியில் தேங்கி வண்டல் படியும்.
வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து
துடைப்பம், கோணிச்சாக்கு, எங்கள் பழைய முந்தானைகள்
எல்லாம் எரித்து உருக்கி
இருநூறு கிராமோ முந்நூறோ
முதலாளி கையில் வைப்பார்.
கொலுசுக் கண்ணிக்குப் பொடி வைத்து ஊதுகிறவள் நான்.
சேதாரம் என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் கேட்டேன்:
"நஸ்ரீன், குழாயில இன்னும் சிவப்பு நிக்குதே."

நாலு மணி நேரம் ஓடி முடிந்து
உப்புத் தண்ணீர் விட்டு
இரத்தத்தைத் திருப்பி அனுப்புகிற நேரம் அது.
யுகேந்திரனுக்கு ஒன்பது வயது, பதினெட்டு கிலோ.
அவனிடம் இருப்பதே
ஒன்றரை லிட்டர்கூட இல்லையாம்.
குழாயில் தங்குவது ஒரு கரண்டி என்றாலும்
வாரம் மூன்று கரண்டி,
வருஷத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல்.
நஸ்ரீன் சிரிக்கவில்லை.
ஃபில்டரை விரலால் தட்டித் தட்டி
இன்னும் கொஞ்சம் விட்டாள்.
"இதுக்கு மேல விட்டா நீர் ஏறிடும்க்கா."
குழாய் ரோஸ் ஆனது,
பிறகு எந்த நிறமும் இல்லாமல் ஆனது.

கிட்னி மூத்திரம் பிரிக்கும், அவ்வளவுதான் என்றிருந்தேன்.
இரத்தம் ஊறு என்று
எலும்புக்கு ஆள் அனுப்புவதும் அதன் வேலையாம்.
ஆள் வராமல் எலும்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது,
ஆர்டர் இல்லாத மாதத்தில் நாங்கள் உட்கார்வதுபோல.
அந்த ஆளைத்தான் ஊசியாக வாங்குகிறோம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லை.
ஐந்து ரோட்டில் வாங்கி
ஐஸ் மேல் படாமல், குலுங்காமல்
டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
"என்னங்க, மீனா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.
ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும்
டப்பாவோடு சேர்ந்து நானும் எழுந்து உட்கார்ந்தேன்.

ஜன்னலில் கஞ்சமலை.
மலை முழுக்க இரும்பு என்கிறார்கள்.
மண்ணில் காந்தத்தை இழுத்தால்
மீசை முளைத்து எழும். யுகேந்திரனும்
ஸ்பீக்கர் காந்தம் ஒன்று வைத்திருந்தான்.
அவனுக்கான இரும்பு
மெஷின் ஓடும்போது குழாய் வழியாகச்
சொட்டுச் சொட்டாக இறங்குகிறது,
டிகாஷன் நிறத்தில்.
மலையைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
பஸ் மெதுவாகப் போனால் போதும் என்றிருந்தது.

பீட்ரூட் கொடு என்றாள் பக்கத்து வீட்டு வசந்தா.
மாதுளை கொடு, பேரீச்சம்பழம் கொடு.
ஆஸ்பத்திரித் தாளில்
மூன்றுக்கும் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி.

எண் ஆறு புள்ளி எட்டுக்கு இறங்கியபோது
கையை நீட்டினேன்: என்னுடையதை ஏற்றுங்கள்.
டாக்டர் மறுத்துவிட்டார்.
வேறு வழியே இல்லாவிட்டால் பார்க்கலாம் என்றார்.
அடுத்தவர் இரத்தம் உள்ளே போனால்
உடம்பு அந்நியரை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுமாம்.
நாளைக்கு நான் தரப்போகிற கிட்னியை
வாசலிலேயே அடித்துத் துரத்துமாம்.
நீட்டிய கையை
எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் மேஜை மேலேயே இருந்தது.

ஏழு புள்ளி ஒன்பது. எட்டு புள்ளி மூன்று.
ஒரு காய்ச்சல் வந்து மறுபடி ஏழு.
லேபுப் பையனிடம் சின்ன டியூபில் எடு என்றேன்.
"ரெண்டு மில்லிதான்க்கா."
அந்த ரெண்டுக்கும் ரசீது போடு என்றேன்.
அவன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.
சின்ன டியூபில்தான் எடுத்தான்.

இந்த மாதம் ஒன்பது புள்ளி ஆறு.
நாலாம் வகுப்பு மாடியில். இருபத்திரண்டு படி.
ஒன்பதாவது படியில் உட்கார்ந்து
ஷூ லேஸ் கட்டுவதுபோல் நடிப்பவன்
நேற்று மேலே போய்த்தான் திரும்பிப் பார்த்தான்.
வெல்க்ரோ ஷூ அது.
எனக்கு எப்போதிருந்தோ தெரியும்.

இன்று ஊசி உருவிய இடத்தைப்
பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்தேன்.
விரலடியில் அவன் கை ரீங்கரித்துக்கொண்டிருந்தது.
எடுத்துப் பார்த்தால் பஞ்சில்
துவரம்பருப்பு அளவு சிவப்பு.
பட்டறை என்றால் எரித்து எடுத்திருப்பேன்.
மஞ்சள் பைக்கு மேலே
கொஞ்சம் அதிக நேரம்
கையில் வைத்திருந்தேன்.