முடிக்காமல் விட்ட இரவு

தம்பலகாமத்து வயற்கரையில்
பன்றிக்கென்று யாரோ கட்டிய துவக்கு
இஸ்ஸதீனுக்கு வெடித்தது.
மாடு தேடிக் குனிந்திருக்கிறார்.
ஐந்து மணித்தியாலம் சேற்றில் கிடந்து
திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்கு வந்தபோது
பிரஷர் எழுபது. கை குளிர்.

திறந்தேன்.
இரத்தத்துக்கு முன் நாற்றம் வந்தது.
இடப்பக்கப் பெருங்குடலில் ஏழு ஓட்டை,
அதற்குக் கீழே ஒரு சாண் கறுத்துக் கிடந்தது.
சன்னத்தைத் தேடாதே, கசிவைத் தேடு என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலம் எதுவென்றாலும் குடலை
வெளியே கொண்டுவந்து பை கட்டினார்கள்.
தைத்துவிடு என்கிறது புதிய ஏடு.
எந்த ஏட்டிலும் இந்த மனுசனின் குளிர் இல்லை.
"முப்பத்துநாலு பாகை" என்றாள்
தலைமாட்டில் நின்ற ருவினி.
ஊசி குத்திய இடமெல்லாம் இரத்தம் உறையாமல் வழிந்தது.

கெட்டதை வெட்டினேன்.
இரண்டு முனையையும் கட்டினேன்.
இணைக்கவில்லை.
சேலைன் பையொன்றைக் கீறி விரித்து
திறந்த வயிற்றின்மேல் தைத்தோம்,
யன்னலுக்குக் கண்ணாடி போட்டதுபோல.
முடிக்காமல் விடுவதற்கும் கை பழக வேண்டும்.

விடிந்திருந்தது. வாசலில் மான் ஒன்று
சேலைன் வந்த மட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நின்றது.
துரத்த எனக்குத் தெம்பில்லை.

அடுத்தநாள் பின்னேரம் மறுபடி திறந்தோம்.
உடம்பில் சூடு இருந்தது.
குடலின் ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்தேன்.
பொட்டுப் பொட்டாய்ச் சிவந்து கசிந்தது.
அதுதான் நான் கேட்ட சம்மதம்.
முனையோடு முனை வைத்துத் தைத்தேன்,
இழுவை இல்லாமல்.

பிறகு,
"காத்துப் பிரிஞ்சதா?"
காலையும் மாலையும் கேட்டேன்.
அவர் சுவரைப் பார்ப்பார்.
ஒரு பொம்பிளை கேட்கிற கேள்வியா இது.
மூன்றாம் நாளும் இல்லை. நான்காம் நாளும் இல்லை.
தையல் விட்டுவிட்டதோ என்று
இரவில் என் வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள், சுபஹ் நேரம்.
கட்டிலில் சாய்ந்தபடி ஒரு சின்னக் கல்லில்
கையைத் தட்டித் தயம்மும் செய்கிறார், இரண்டாம் தரம்.
"இப்பதானே செய்தீங்கள்" என்றாள் தாதி கமலோஜினி.
தலையணைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:
"வுளு முறிஞ்சி பெய்த்து, மிஸ்."

அவளுக்கு விளங்கவில்லை.
பக்கத்துக் கட்டில் கிண்ணியாப் பெடியன்
போர்வைக்குள் குலுங்கினான்.

நான் கட்டில் தலைப்பு அட்டையை எடுத்து எழுதினேன்:
தண்ணீர், மூன்று கரண்டி.
எழுத்து ஏனோ கோணலாய் விழுந்தது.