குறுக்குக்கோடுகள்

சாஸ்கட்டூன். மைனஸ் இருபத்திரண்டு.
ஒரிசியாவின் மடியில்
ஒரு டஜன் முட்டை, கம்பு ரொட்டி,
ஒரு டப்பா வெனிலா ஐஸ்கிரீம்.

நீலக் கட்டத்தில் அவள் வேன்
ஒழுங்காகத்தான் நிற்கிறது.
பக்கத்தில், குறுக்குக்கோடு போட்ட இடத்தில்
ஒரு பிக்கப் டிரக்
நான்கு விளக்கும் கண்சிமிட்ட.

கோடு என்றால் காலி என்று
படித்திருக்கிறான் போல.
அவளுக்கு அது வாசல்.
சாய்பலகை கீழிறங்கும் எட்டடி.

தள்ளுவண்டி பொறுக்கும் டாரில் வந்தான்.
"நான் ரிவர்ஸ் எடுத்துத் தரட்டுமா?"
"லைசென்ஸ்?"
"அடுத்த மாசம்."
சிரித்தாள். சாவியைத் தரவில்லை.
அவன் உள்ளே ஓடினான்.
ஒலிபெருக்கி டிரக்கின் எண்ணைச் சொன்னது,
ஒரு எழுத்தைத் தப்பாக.

யாரோ ஒரு பெண்மணி கடந்துபோகையில்
முட்டை அட்டையின் மேல்
இரண்டு டாலர் நாணயம் வைத்துவிட்டுப் போனாள்.
கூப்பிட்டுத் திருப்பித் தரலாம்.
கையுறைக்குள் விரல் மடங்கவில்லை.

குளிரில் பேட்டரி ஒரு கட்டம் குறைந்தது.
பிறகு இன்னொன்று.

முப்பத்தைந்தாம் நிமிடம் வந்தான்,
கையில் லாட்டரிச் சீட்டு.
"ஐயோ, ஸாரி, ரெண்டே நிமிஷம்தான்" என்றான்.
நிஜமாகவே வருந்தினான், அதுதான் கொடுமை.
கதவைப் பிடிக்கவா என்று வேறு கேட்டான்.
உதடு விறைத்திருந்தது.
தலையை மட்டும் ஆட்டினாள்.

சொல்லவேண்டியதெல்லாம்
வீட்டில், சூப் கொதிக்கும்போது
வாய்க்கு வந்தது.
அடுப்பிடம் சொன்னாள், உரக்க.

ஐஸ்கிரீம் மட்டும்
கல்லுபோல் இருந்தது.