அட்டையில் கோதுமை

என் நாவலில் கோதுமை இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை,
முகம் கொடுத்துப் பேசாத இரு சகோதரிகள்,
நடுவில் ஓர் உயில்.
டொராண்டோவிலிருந்து அட்டை வந்தது:
வானம் முட்டக் கோதுமை.

'ஒரிசியா குசிக், சமவெளியின் குரல்.'
சமவெளிக்குக் குரல் உண்டு,
அதைக் காற்று பார்த்துக்கொள்கிறது.
நான் யார்க்டனில், சலவைக்கடை மாடியில்,
நாலரை மணிக்கு எழுந்து
மூத்தவளை வாசல் தாண்டி உள்ளே கொண்டுவர
ஒன்பது நாள் மல்லுக்கட்டியவள்.
வந்தாள்.
கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றாள்.
இன்னும் நாலு நாள்.

ரெஜைனா விழா மேடையில் ஒருவர் கேட்டார்:
"அந்த மண்தானே உங்களை எழுத வைக்கிறது?"
மண் பாதி வருடம் உறைந்து கிடக்கும், ஐயா.
ஒரு வரிக்குக் கைகொடுத்ததில்லை.
இடுப்புவலிக்கு மாத்திரை நான்தான் வாங்குகிறேன்.

பக்கத்து நாற்காலியில் டொராண்டோக்காரர்.
அவர் நாவல் முழுக்க ஒரே தெரு,
மூன்று டிராம் நிறுத்தம், ஒரு காபிக்கடை.
தெருவின் குரல் என்று அவரை யாரும் சொல்லவில்லை.
வெறும் எழுத்தாளர்.
பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லாமல்
எவ்வளவு லேசாக உட்கார்ந்திருந்தார்!

அடுத்து என்ன என்றார்கள்.
"கோதுமை" என்று புளுகினேன்.
கைதட்டல்.

திரும்பும் பேருந்தில்
வழி நெடுக அதேதான், அறுவடைக்குத் தயாராக.
அழகுதான், இல்லையென்று சொல்ல முடியாது.
மடியில் புது அத்தியாயம்:
லிஃப்டில் ஒருவன் மாட்டிக்கொண்டு
இன்றோடு பதினோரு நாள்.
எந்தச் சொல்லுக்குக் கதவு திறக்குமோ,
அவனுக்கும் தெரியவில்லை.