கப்பலேறும் லொரெதானாவுக்கு

இந்தப் பையில் காந்தக் கொக்கி நான்கு இருக்கிறது.
கப்பல் அறையின் சுவர் இரும்பு,
அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.
ஈரத்துண்டு, தொப்பி, கழுவிய காலுறை
எல்லாம் சுவரிலேயே தொங்கிக்கொள்ளும்.
காலை நீட்ட இடம் மிஞ்சும்.

அறை இன்னும் எடுக்கவில்லையென்றால்
நடுக்கப்பல், கீழ்த்தளம் என்று கேள்.
மேலே போகப் போகக் காட்சியும் கூடும்
குமட்டலும் கூடும்.
த்ரியெஸ்தேக்காரிக்குக் காற்றைப் பற்றிச் சொல்வதா என்பாய்.
போராக் காற்று அடிக்கிற நாளில்
தெருமுனைத் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே,
அங்கே தூணும் சேர்ந்து ஆடும்.
பச்சை ஆப்பிள் கடி.
மருந்துக்கடை நெரினா தரும் மாத்திரையை
வயிறு புரண்ட பிறகு போட்டுப் பயனில்லை,
ஒரு மணி நேரம் முன்னால் போடு.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா?
இதைக் கீழே வைத்துவிட்டு
இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வா.

சரி.
பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்,
அது உன் கதவுக்கு வர மாலையாகும்.
ரத்த அழுத்த மாத்திரையும் நீச்சலுடையும் கைப்பையில்.
நான் முதல் நாள் முழுக்கக்
கம்பளிக் கோட்டோடு குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன்.
பணியாள் பையன் இரண்டு தரம் வந்து
காய்ச்சலா என்று கேட்டுப் போனான்.

இஸ்திரிப்பெட்டி வேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள்.
கைபேசியை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடு.
நடுக்கடலிலிருந்து மகளிடம் கேட்ட
ஒரு ‘சாப்பிட்டாயா’வுக்கு
எனக்கு ஒரு மாத மின்கட்டணம் போயிற்று.

இனி கடிகாரம்.
கோர்ஃபுவுக்கு முந்தைய இரவு
தலையணைமேல் சீட்டு வைத்திருந்தார்கள்:
ஒரு மணி நேரம் முன்னே தள்ளவும்.
புரூனோ தள்ளவில்லை.
முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் பஸ்களுக்கு
அட்டவணை போட்டவன்.
நேரத்தை எனக்கு ஒரு சீட்டா சொல்வது என்றான்.

கால்வலி என்று நான் முன்பே ஏறிவிட்டேன்.
ஐந்து மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள்.
மாடத்திலிருந்து பார்க்கிறேன்,
துறையின் அந்தக் கோடியில் புரூனோ.
கையில் ஆலிவ் பொட்டலம்,
ஒரு மணி நேரம் கையிருப்பில் உள்ளவனின் நடை.
நான் கையாட்டினேன்.
அவனும் ஆட்டினான்.
அப்புறம்தான்
கப்பல் நகர்வதைக் கண்டான்.

தினசரி நிகழ்ச்சித்தாளின் அடியில்
துறைமுக முகவரின் எண் இருக்கும்,
இறங்குமுன் படம் எடுத்துக்கொள்.
பாஸ்போர்ட் நகல் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.
அவனிடம் இரண்டும் இல்லை.
ஆலிவ் இருந்தது.

உனக்கு மட்டும் சொல்கிறேன்.
அந்த இரண்டு இரவும்
கட்டிலின் நடுவில் படுத்துத் தூங்கினேன்.
காலையில் இரண்டு பேருக்குச் சிற்றுண்டி வந்தது,
இரண்டையும் சாப்பிட்டேன்.
அழுதாயா அம்மா என்று மகள் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

பிரேயஸ் துறையில் வந்து சேர்ந்தான்.
பஸ், படகு, மறுபடி பஸ்.
மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.
பொட்டலத்தை நீட்டினான், பாதி காலி.
அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
அப்போதும் த்ரியெஸ்தே நேரம்.

கடைசி இரவு
பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள்.
மறுநாள் உடுப்பை எடுத்துக்கொண்டு வை.
புரூனோ இந்தத் தடவை
சீட்டை வரி விடாமல் படித்து
ஒரு நூல் மிச்சமில்லாமல் கட்டி வெளியே தள்ளிவிட்டான்.
சொந்த ஊர்த் துறையில்
இருவரும் இரவு உடையோடு படியிறங்கினோம்.
சுங்க அதிகாரி என் அண்ணன் மகன்.

தனியாகப் போகிறவளிடமும்
இரண்டு பேர் கட்டணம் வாங்குகிறார்களாமே.
கொடுத்துவிடு, பேரம் பேசாதே.
கட்டில் நல்ல அகலம்.

கொக்கி நான்கு.
எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

நிவெஸ்